லாரியின் மேல் லாரி

சேலையூர் கல்யாண மண்டபத்தில் நடந்ததைப் பற்றி ஏகநாதன் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் அதை நினைக்காமல் ஒரு நாளும் போனதில்லை.

ஆவணி மாதத்துக் கல்யாணம். தாம்பரத்தில் பல வருஷமாக ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற மனிதர், மணமேடை எதிரில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். மணப்பெண்ணின் தம்பி பாய்ந்து வந்து அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான்.

"எங்க அக்காவ இன்னாத்துக்குய்யா அப்டி மொறைக்கிற?"

ஏகநாதன் யாரையும் முறைக்கவில்லை. அவர் கண்கள் அப்படி ஆகியிருந்தன. மேல் இமை தூக்கிக்கொண்டு, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. போதாததற்குக் கொஞ்ச நாளாகத் தாடையை உயர்த்திக்கொண்டே நிற்கிற பழக்கம் வேறு. பார்க்கிறவர்களுக்குத் திமிராகத் தெரியும். குடித்திருக்கிறார் என்று சொன்னவர்களும் உண்டு.

அதற்கப்புறம்தான் அவர் மனைவி அஞ்சம்மாள் சண்டை போட்டு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். தைராய்டு என்றார்கள். குரோம்பேட்டை டாக்டர் பத்ரிநாராயணன் மாத்திரை கொடுத்தார், சிகரெட்டை அன்றைக்கே விடச் சொன்னார். மாத்திரை போட்டும் சுரப்பி அடங்கவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அயோடின் மருந்து கொடுக்கிறார்கள், ஒரு தடவை குடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், அடுத்த தடவை வரும்போது எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அந்த அடுத்த தடவை இன்றைக்கு.

மார்கழிக் குளிரில் பீர்க்கன்கரணையே போர்த்திக்கொண்டு கிடந்தது. ஏகநாதன் வீட்டில் மட்டும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அஞ்சம்மாளும் மகள் கிருபாவும் கம்பளிக்குள் சுருண்டிருக்க, அவர் வெற்று உடம்போடு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். உடம்பெல்லாம் வேர்வை.

"கொஞ்சம் குந்தி சாப்டுங்களேன்" என்றாள் அஞ்சம்மாள்.

"நின்னுகினு சாப்ட்டா எறங்காதா?"

தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இட்லிகளை விழுங்கினார். இன்னும் கேட்டார். நான்கு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறார், ஆனால் பேன்ட் இடுப்பில் நிற்பதில்லை. அஞ்சம்மாள் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தாள்.

"சட்னி இன்னா இப்டி கீது? உப்பே இல்ல."

அவள் பதில் சொல்லவில்லை. இந்த நாலு மாசத்தில் பதில் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். தீபாவளி சமயத்தில் ஒரு பதிலுக்குத் தட்டு பறந்து சுவரில் பட்டது. இருபது வருஷமாக அவளை ஒரு 'டீ' போட்டுக் கூப்பிடாதவர்.

"நீ பஸ்ஸுல வந்துடு" என்றார் ஏகநாதன். "ஸ்டூடியோவுல ஒரு வேல கீது. கிருபா என்கூட வண்டில வரட்டும்."

கிருபா பி.காம். இரண்டாம் வருஷம். கல்லூரி லீவு. அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த விஷயம். இன்றைக்கு ஏனோ தயங்கித்தான் ஏறினாள்.

பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் தற்செயலாகப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அப்பாவின் இடது கண் மூடியிருந்தது. தூசு விழுந்திருக்கும் என்று நினைத்தாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி பார்த்தாள். அப்போதும் மூடியே இருந்தது.

இரும்புலியூர் நெருங்கும்போது எதிரே ஒரு மணல் லாரி வந்தது. நல்ல தொலைவில், அதன் பாதையில் ஒழுங்காகத்தான் வந்தது. ஏகநாதன் ஒரு கணம் இரண்டு கண்ணையும் திறந்தார். உடனே ஹேண்டில்பாரை வெடுக்கென்று இடது பக்கம் ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் சறுக்கி, ஒரு காய்கறித் தட்டுவண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. காய்கறிக்காரர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்.

லாரி பாட்டுக்குப் போய்விட்டது.

"இன்னா ஆச்சு நைனா?"

"ஒண்ணுமில்ல. கண்ல தூசு."

"கிளம்பினதுலேந்து ஒரு கண்ண மூடிக்கினுதான் ஓட்டறீங்க. நான் கண்ணாடில பாத்துகினு வரேன்."

ஏகநாதன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு கண்ணும் தொறந்தா ஒரு லாரி மேல இன்னொரு லாரி ஏறிகினு வர மாதிரி கீது. எது நெஜம்னு தெரியல. ஒண்ண மூடிட்டா ஒண்ணுதான்."

"எப்பலேந்து?"

"தீபாவளிக்கு முன்னாலேந்து."

"அப்ப ஃபங்ஷனுக்கெல்லாம் எப்டி எடுக்கறீங்க?"

அவர் லேசாகச் சிரித்தார். "கேமராவுல பாக்க ஒரு கண்ணு போதுமே. எவனுக்குத் தெரியும்?"

கிருபாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மாவாண்ட சொல்லாத. டாக்டராண்டயும் வாயத் தொறக்காத. தை பொறந்தா வரிசையா முகூர்த்தம் ஒத்துகினு கீறேன். ரெண்டா தெரியுதுன்னா வண்டி ஓட்டாத, வேலைக்குப் போவாதம்பாரு. இன்னிக்கு அந்தச் சீட்ட மட்டும் வாங்கிட்டா போதும். மருந்து உள்ள போனா எல்லாம் சரியாப் பூடும்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாக அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தாம்பரத்தில் ஸ்டூடியோவைத் திறந்தவர், அவளை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு டார்க் ரூமுக்குள் போனார். வரும்போது பாக்கை மென்றுகொண்டு வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

*

குரோம்பேட்டை கிளினிக்கில் அஞ்சம்மாள் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். பெயர் கூப்பிட்டதும் மூவரும் உள்ளே போனார்கள்.

டாக்டர் பத்ரிநாராயணன் அவசரப்படாத மனிதர். நாடி பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்து அது படபடப்பதைப் பார்த்தார். பிறகு பேனாவை உயர்த்திப் பிடித்தார்.

"தலையை அசைக்காம மேல பாருங்க."

ஏகநாதனின் கண்கள் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டன.

"ராத்திரி தூங்கறப்போ கண் முழுசா மூடுதா?"

"மூடறதில்ல டாக்டர்" என்றாள் அஞ்சம்மாள். "கீழ வெள்ள தெரியும். ஈரத்துணி போட்டு வைக்கறேன்."

"பார்க்கறது ரெண்டு ரெண்டா தெரியுதா ஏகநாதன்?"

"இல்ல சார்."

டாக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "சிகரெட்?"

"விட்டாச்சு சார். நீங்க சொன்ன அன்னிக்கே."

டாக்டர் தலையசைத்துவிட்டுச் சீட்டுப் புத்தகத்தை இழுத்தார். பேனா மூடியைத் திருகினார். கிருபாவுக்கு அந்த மணல் லாரி மறுபடி எதிரே வருவது போல் இருந்தது.

"ரெண்டாத்தான் தெரியுது டாக்டர்."

டாக்டரின் பேனா சீட்டின் மேலேயே நின்றது.

"கிருபா" என்றார் ஏகநாதன்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டுத்தான் வண்டி ஓட்டறாரு. இப்ப வர்றப்போ விழுந்திருப்போம். தீபாவளிக்கு முன்னாலேந்து இப்படி இருக்காம்."

ஏகநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்லி இதை மூடு என்பது போல. அஞ்சம்மாள் அவரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தபடி பேசினாள். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி இருந்தது.

"சிகரெட்டும் விடல டாக்டர். ஸ்டூடியோ இருட்டு ரூம்ல புடிக்கறாரு. சட்டைய தொவைக்கறது நான்தான். எனக்குத் தெரியும்."

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அப்ப இன்னிக்கு எழுத முடியாது."

"சார், அது வேற இது வேற" என்றார் ஏகநாதன். குரல் உயர்ந்தது. "மருந்து கழுத்துக்குத்தான சார்? கண்ணுக்கும் அதுக்கும் இன்னா?"

"சுரப்பியத்தான் அது அடக்கும். கண்ணை அடக்காது. கண்ணு ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு, அதுவும் சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு, இந்த அயோடின் குடிச்சப்புறம் கண்ணு இன்னும் மோசமாகலாம். கொஞ்ச வருஷமா இதைக் கவனிச்சு எழுதிக்கிட்டு வர்றாங்க. எல்லாருக்கும் ஆகும்னு நான் சொல்லலை. உங்களுக்கு ஆக வாய்ப்பு ஜாஸ்தி."

"எங்க அக்காவுக்கும் இதே நோவுதான் சார். அனகாபுத்தூர்ல கீறாங்க, கங்கையம்மாள்னு. மாத்திரையிலயே சரியாப்போச்சு. அவங்க கண்ணு நல்லாத்தான கீது?"

"அவங்க சிகரெட் குடிச்சாங்களா?"

ஏகநாதன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்த வியாதி பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வருது" என்றார் டாக்டர். "ஆனா ஆம்பளைக்கு வந்து, வயசும் நாப்பதைத் தாண்டியிருந்தா, கண்ணை ரொம்பப் படுத்தும். உங்க வயசை நான் மாத்த முடியாது. அக்காகூடப் பொறந்ததை மாத்த முடியாது. சுரப்பிக்கு மாத்திரையைக் கூட்டித் தரேன், அது என் வேலை. சிகரெட் உங்க வேலை. திங்கக்கிழமை கண் டாக்டரைப் பாருங்க, நான் பேசி வைக்கறேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது."

ஏகநாதன் எழுந்தார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. கும்பிடக்கூட இல்லாமல் வெளியே போய்விட்டார்.

அஞ்சம்மாள் மாடிப்படியில் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அவர் ஸ்டாண்டை எடுத்து வண்டியைத் திருப்புவதற்குள் சாவியைப் பிடுங்கிவிட்டாள்.

"குடு."

"மாட்டேன்."

"ரோட்ல வெச்சி அசிங்கப்படுத்தாத அஞ்சு. குடு."

"நீங்க எங்க வேணா போங்க. என்னிய இன்னா வேணா சொல்லுங்க. வண்டில போவாதீங்க."

அவர் கை ஓங்குவார் என்று கிருபா பயந்தாள். அவர் ஓங்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"உன்னிய நம்பித்தான சொன்னேன்."

அவ்வளவுதான். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தார். பஸ்களும் வேன்களும் பாய்கிற ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் நின்று, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். அப்படியே குறுக்கே போனார். எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை தாயும் மகளும் மூச்சு விடவில்லை.

*

வண்டியை கிளினிக் வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். அவர் வந்திருக்கவில்லை.

அஞ்சம்மாள் சோறு வடித்தாள். யாரும் சாப்பிடவில்லை. ஸ்டூடியோவுக்கு போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிருபா புடவைகளை மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பெருங்களத்தூர்ப் பக்கம் ரயில் ஊதும்போதெல்லாம் அஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து நின்றாள்.

"சிகரெட் விஷயம் எப்பம்மா உனக்குத் தெரியும்?"

"தீபாவளிக்கே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னா ஆவும்னு நீயும்தான பாத்த." சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள். "அந்தச் சீட்ட வாங்கிட்டா போதும்னு நானும் நெனச்சிகினு இருந்தேன். ஒரு வாய் மருந்து. குடிச்சிட்டா பழைய மனுஷன் வந்துடுவாருன்னு. அதனாலதான் டாக்டர் கேக்கறப்போலாம் சும்மா இருந்தேன். நீ இன்னிக்கு வாயத் தொறக்கலன்னா, அவரு எழுதியிருப்பாரு. நானும் வாங்கி பையில வெச்சிருப்பேன்."

கிருபா அம்மாவின் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

பொழுது சாயத் தொடங்கியதும் அதற்குமேல் உட்கார முடியவில்லை. இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு பஸ் ஏறினார்கள்.

ஸ்டூடியோ ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

ஏகநாதன், பாஸ்போர்ட் படம் எடுக்க ஆட்களை உட்காரவைக்கிற ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. எதிரே தரையில் பிரிக்காத ஒரு சிகரெட் பெட்டி.

"போன் அடிச்சிகினே இருந்ததே" என்றாள் அஞ்சம்மாள்.

"இப்பதான் வந்தேன். டிரெயின் ஏறி பீச் வரிக்கும் போனேன். எறங்காம அதே டிரெயின்ல திரும்பி வந்தேன். குந்தவும் முடியல, நிக்கவும் முடியல. எதுர்ல இருந்த ஒரு கொழந்த என்னப் பாத்து அழுதுச்சு. அவங்கம்மா எடுத்துகினு வேற சீட்டுக்குப் போயிட்டாங்க."

அவர் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் தனித்தனியாக நடுங்கின.

"ஆறு மாசமா இந்தக் கைய வெச்சிகினு படம் எடுக்கறேன். பாதி ஆடிப் பூடுது. இருட்டு ரூம்ல போயி ஒண்ணு இழுத்துட்டு வந்தா கொஞ்சம் நிக்கிற மாதிரி கீது. நிக்கிதோ இல்லியோ, அப்டி தோணுது. அத்தயும் விட்டா இன்னா ஆவேன்னு பயமா கீது அஞ்சு. பொய் சொல்லணும்னு சொல்லல."

அஞ்சம்மாள் தரையில் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"கை ஆடினா ஸ்டாண்ட் போட்டு எடுக்கலாம். கண்ணு பூட்டா இன்னா போட்டு எடுப்பீங்க?"

அவர் அந்தப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார்.

"காலைல இங்க புடிச்சதோட சரி" என்றார். "ஸ்டேஷன்ல எறங்கி இத்த வாங்கினேன். பிரிக்கல. நாளைக்கி இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

"நாளைக்கி நாளைக்கி பாத்துக்கலாம்."

கிருபா வாசலோரம் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். தாடை கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வண்டில உனுக்கு எதுனா அடிபட்டுதா? காலைல கேக்கவே இல்ல."

"இல்ல நைனா."

அவள் அழுகையை மறைக்க மேஜைப் பக்கம் திரும்பினாள். கலர் லேபிலிருந்து வந்த கவர் ஒன்று ஷட்டருக்கு அடியில் தள்ளப்பட்டுக் கிடந்ததை அவர் எடுத்துப் போட்டிருந்தார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று அதைப் பிரித்தாள். கீழ்க்கட்டளையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பட்டுப் புடவையில் வெட்கத்தோடு ஒரு சின்னப் பெண்.

"குடு, பாப்போம்."

ஏகநாதன் இடது கண்ணை மூடாமல், வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு படத்தைத் தூக்கிப் பார்த்தார். காலையிலிருந்து தனியாக உழைத்த வலது கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறவர் போல. உடனே முகம் சுளித்தார்.

"லேப்காரன் கெடுத்து வெச்சிகீறான். பொடவ செங்கல் கலர்ல கீது பாரு."

"நல்லா சிவப்பாத்தானே கீது."

"இத்தப் போயி சிவப்புன்னு சொல்றியே. சாயம் போன துணி மாதிரி கீது."

டியூப் லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். கையை எடுத்து இடது கண்ணைப் பொத்தினார். அப்படியே நின்றார். மறுபடி வலது கண்ணைப் பொத்தினார். மறுபடி இடது.

"இன்னாங்க?"

"லேப்காரன் மேல தப்பில்ல" என்றார் ஏகநாதன் மெதுவாக. "இந்தக் கண்ணுல ரத்தச் சிவப்பு. இதுல வெளுத்து கீது. சுத்தி லேசா இருட்டு கட்டின மாதிரியும் கீது."

வாழ்நாளெல்லாம் நிறம் பார்த்த மனிதர். அதை அவர் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. அதுதான் அஞ்சம்மாளைப் பயமுறுத்தியது.

அவள் எழுந்து போன் அருகே போனாள். டாக்டர் கிளினிக்கில்தான் இருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"எந்தக் கண்ணும்மா?"

"எடது."

"காலையில நான் கலர் தெரியுதான்னும் பார்த்திருக்கணும்" என்றார் டாக்டர். "திங்கக்கிழமை வரைக்கும் வேண்டாம். கண்ணுக்குப் பின்னால வீங்கி, பார்வை நரம்பை நசுக்குதுன்னு நினைக்கறேன். ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசி போடணும். நேரமாக ஆக, திரும்பி வர்ற பார்வை குறைஞ்சுக்கிட்டே போகும். இப்பவே கிளம்பிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் கண் டாக்டரைக் கூப்பிட்டு வைக்கறேன்."

அவள் ரிசீவரை வைத்தாள். கிருபா கேட்பதற்குள் சொன்னாள்.

"போய் ஒரு ஆட்டோ கூட்டினு வா. பட்டணத்துக்குன்னு சொல்லு."

கிருபா ஓடினாள். அஞ்சம்மாள் விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையை அவள் பூட்டியது இதுதான் முதல் தடவை. ஏகநாதன் படத்தை விடாமல் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். வண்டி சானடோரியம் தாண்டியது. எதிரே வருகிற வண்டிகளின் வெளிச்சம் முகத்தில் அடிக்க, இரண்டு கண்ணையுமே மூடிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் அஞ்சம்மாள் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அஞ்சு."

"சொல்லுங்க."

"ஊசி போட்டா சிவப்பு திரும்பி வரும்னு சொன்னாரா?"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

"சொன்னாரு" என்றாள் அவள்.